நூத்தி அஞ்சு = 1005? இடமதிப்பின் நாலாயிரம் வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்ன வேலையோட ஆரம்பிக்குது. கையில ஒரு பேப்பர், பேனா எடுத்துக்கோங்க. வண்டி ஓட்டிட்டு இருந்தீங்கன்னா மனசுக்குள்ள எழுதினா போதும். நான் சொல்ற எண்ணை எழுதுங்க: ஒரு லட்சத்து அஞ்சு.

எழுதியாச்சா? 1,00,005. ஒண்ணு, நாலு பூஜ்யம், கடைசியில அஞ்சு. இப்ப ஒரு விஷயத்தைக் கவனிங்க. நான் சொன்னதுல "பூஜ்யம்"ங்கற சொல்லே இல்ல. லட்சம் வந்துச்சு, அஞ்சு வந்துச்சு, அவ்வளவுதான். நடுவுல இருக்கற அந்த நாலு பூஜ்யத்தை நீங்களாவே போட்டீங்க. இதை எப்ப கத்துக்கிட்டீங்க, யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டா பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. அவ்வளவு இயல்பா ஆயிடுச்சு.

ஆனா ஏழு, எட்டு வயசுக் குழந்தைக்கு இது இயல்பு இல்ல. மனுஷ குலத்துக்கும் இது ரொம்ப நாள் வரைக்கும் இயல்பா இருக்கல. அந்த ரெண்டு கதையும் ஒரே கதைதான்னு சொல்றதுதான் இந்த எபிசோடு.

நூறு எழுதி, பக்கத்துல அஞ்சு எழுதி

எங்க அக்கா பொண்ணு மூணாம் வகுப்பு படிக்கறா. லீவுக்கு வந்திருந்தப்ப ஹோம்வொர்க் நோட்டைக் காட்டினா. "நூற்றைந்து"ன்னு சொல்லால கொடுத்திருக்காங்க, எண்ணால எழுதணும். இவ 1005-னு எழுதியிருக்கா. பக்கத்துல சிவப்புல ஒரு பெருக்கல் குறி. அதுக்குக் கீழயே "முந்நூற்று நாற்பத்து ரெண்டு". அதுக்கு 300402. அதுக்கும் சிவப்பு. கடைசியில "கவனம் தேவை"ன்னு எழுதியிருந்தது. அக்கா ஏற்கெனவே, "இவளுக்குக் கணக்கு வராது போலடா"ன்னு சொல்ல ஆரம்பிச்சிருந்தா. அதுவும் பொண்ணு காதுல விழற மாதிரியே.

நான் அவகிட்ட, "இதை எப்படிம்மா எழுதின?"ன்னு மட்டும் கேட்டேன். "நூறு எழுதினேன் மாமா, பக்கத்துல அஞ்சு எழுதினேன்"னா. 300402-ஐக் காட்டினேன். "முந்நூறு, நாப்பது, ரெண்டு"ன்னு விரலால தொட்டுத் தொட்டுக் காட்டினா.

இதுல கவனக்குறைவு எங்க இருக்கு? காதுல விழுந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எண்ணை, வரிசை மாறாம எழுதியிருக்கா. புரோகிராமிங் தெரிஞ்சவங்களுக்கு உடனே சிரிப்பு வரும். ஜாவாஸ்கிரிப்ட்ல "100"ங்கற எழுத்துச் சரத்தோட 5-ஐக் கூட்டினா 1005-னுதான் வரும். சம்பளம் வாங்கற பெரியவங்க எழுதற கோடுலயே இந்த பக் வருது. இவளுக்கு வயசு எட்டு.

உலகத்துல பல மொழி பேசற குழந்தைகளும் இதே கட்டத்துல இதே மாதிரி எழுதறாங்க. கணக்கு சொல்லித்தர்றவங்களுக்குப் பழக்கமான விஷயம்தான் இது. எனக்கு இதுல பிடிச்சது வேற ஒண்ணு. இவ எழுதின முறையில ஒரு காலத்துல நம்ம ஊர் மொத்தமும் எழுதிட்டு இருந்துச்சு.

கல்வெட்டுல இருக்கற நூத்தி அஞ்சு

பழைய தமிழ் எண்களைப் பார்த்திருப்பீங்க. ௧, ௨, ௩, ௪, ௫ன்னு ஒன்பது வரைக்கும் தனித்தனிக் குறி. அதோட நிக்காம பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ன்னு இன்னும் மூணு தனிக்குறி உண்டு.

இந்த முறையில 105-ஐ எப்படி எழுதுவாங்க? ௱௫. நூறுக்குறி, பக்கத்துல அஞ்சு. முந்நூற்று நாற்பத்து இரண்டு? ௩௱௪௰௨. மூணு, நூறு, நாலு, பத்து, ரெண்டு. வாயில வர்ற வரிசை அப்படியே கல்லுல ஏறுது. 2345-ன்னா ௨௲௩௱௪௰௫. லட்சம்? ௱௲. நூறு, ஆயிரம். "நூறாயிரம்"ங்கற பழைய தமிழ்ச் சொல் அப்படியே குறியா நிக்குது.

இங்க பூஜ்யத்துக்கு வேலையே இல்ல. நூத்தி அஞ்சுல பத்துகள் ஒண்ணும் இல்லைன்னா, பத்துக் குறியைப் போடாம விட்டா முடிஞ்சுது. சோழர் காலத்துக் கல்வெட்டுகள்ல நிலம், நெல், பொன் எல்லாத்துக்கும் இந்த மாதிரிக் கணக்குதான். நிலத்துல முந்திரி வரைக்கும் போவாங்க. முந்திரின்னா 320-ல ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான கணக்கை இடமதிப்பு இல்லாமலே நடத்தியிருக்காங்க. பின்னாடி திண்ணைப் பள்ளிக்கூடங்கள்ல பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடின்னு பாடம் சொல்லிச் சொல்லியே மனசுல ஏத்தினாங்க. எண்ணை எழுதி வைக்கறது ஒரு வேலை, கணக்குப் போடறது இன்னொரு வேலை. கணக்கு மனசுலயும் வாயிலயும் நடந்துச்சு, எழுத்து அதோட முடிவைப் பதிஞ்சு வெச்சுச்சு.

யூனிகோடு ஆளுங்களுக்கு ஒரு குட்டித் தகவல். ௰, ௱, ௲ மூணும் யூனிகோடோட தொடக்க காலப் பதிப்புகள்லயே இருக்கு. தமிழ்ப் பூஜ்யமான ௦ மட்டும் 2005-ல, 4.1 பதிப்புலதான் சேர்ந்துச்சு. பூஜ்யம் நம்ம எழுத்து வரிசைக்குப் பிற்காலத்துல வந்த விருந்தாளிங்கறதுக்கு கம்ப்யூட்டர்லயும் ஒரு தடம் இருக்கு.

சரி, அப்ப அந்தக் குழந்தை 1005-னு எழுதறப்ப என்ன நடக்குது? அவ மனசுல 100-ங்கறது ௱ மாதிரி ஒரு முழுக்குறி. அதை உடைக்க முடியும், அதுல இருக்கற பூஜ்யம் ரெண்டும் காலி இடம், அந்த இடத்துல வேற ஆள் வந்து உக்காரலாம்னு அவளுக்கு இன்னும் யாரும் காட்டல. கருத்து சரி, குறி மட்டும் வேற காலத்துது.

பாபிலோனின் இடைவெளி

இன்னொரு வகைத் தப்பும் உண்டு. நூத்தி அஞ்சுன்னா சில பிள்ளைங்க 15-னு எழுதும். கேட்டா, "நடுவுல ஒண்ணும் இல்லையே, இல்லாததை எதுக்கு எழுதணும்?"னு திருப்பிக் கேக்கும். நல்ல கேள்வி. இந்தக் கேள்வியில ஒரு பெரிய நாகரிகமே மாட்டிக்கிட்டு இருந்துச்சு.

இன்னைக்கு ஈராக் இருக்கற பகுதியில, ஏறத்தாழ நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இடமதிப்பு முறை இருந்துச்சு. ஈரக் களிமண் பலகையில ஆப்பு வடிவத்துல குத்தி எழுதுவாங்க. நாம பத்து பத்தா ஏறறோம், அவங்க அறுபது அறுபதா ஏறினாங்க. அதோட மிச்சம் இன்னும் உங்க கைக்கடிகாரத்துல இருக்கு: அறுபது செகண்ட் ஒரு நிமிஷம், அறுபது நிமிஷம் ஒரு மணி.

இப்ப 1 மணி, 0 நிமிஷம், 5 செகண்டை எடுத்துக்கோங்க. மொத்தம் 3605 செகண்ட். பாபிலோன்காரர் இதை ஒரு ஒண்ணு, ஒரு அஞ்சு போட்டு எழுதுவார். நடுவுல காலியா இருக்குன்னு காட்ட ஒரு இடைவெளி விடுவார், இல்லைன்னா அதுவும் இருக்காது. 1 நிமிஷம் 5 செகண்டும் இதே ஒண்ணு, அஞ்சுதான். ஆனா அது வெறும் 65. எது 65, எது 3605-னு தெரிஞ்சுக்க மத்த கணக்கைப் பார்த்து ஊகிக்கணும்.

இந்த முறையிலயே பல நூற்றாண்டு ஓட்டியிருக்காங்க. பொது ஆண்டுக்கு முன் 300-ஐ ஒட்டின காலத்துப் பலகைகள்ல நடுவுல இருக்கற காலி இடத்துக்குச் சாய்ஞ்ச ரெண்டு ஆப்பு போட்டிருக்கறதைப் பார்க்கலாம். அப்பவும் எண்ணோட கடைசியில அதைப் போட மாட்டாங்க. அதாவது இடமதிப்பு கண்டுபிடிச்சவங்களே, காலி இடத்துக்கும் ஒரு குறி வேணும்னு முடிவு பண்ண ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க வீட்டுக் குழந்தைக்கு ஒரு மாசம் ஆனா பரவாயில்ல.

புள்ளி வந்த வழி

பத்து அடிப்படையில, ஒன்பது குறியும் ஒரு பூஜ்யமும் வெச்சு எந்த எண்ணையும் எழுதற முறை இந்தியாவுல உருவாச்சு. இதுக்கு ஒரே ஒரு தேதி, ஒரே ஒரு ஆள் கிடையாது. வாட்ஸ்அப்ல வர்ற "பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவர்" ஃபார்வர்டுகளைக் கொஞ்சம் தள்ளி வைங்க. நமக்குக் கிடைக்கற தடயங்கள் இதெல்லாம்தான்.

499-ஐ ஒட்டி ஆரியபட்டர் தன்னோட ஆரியபடீயத்துல பத்து இடங்களுக்குப் பேர் சொல்லி, ஒவ்வொரு இடமும் முந்தைய இடத்தைப் போல பத்து மடங்குன்னு விளக்கறார். 628-ல பிரம்மகுப்தர் பூஜ்யத்தையும் ஒரு எண்ணா எடுத்து, அதோட கூட்டல், கழித்தலுக்கு விதி எழுதறார். 662-ல யூப்ரடீஸ் நதிக்கரையில இருந்த செவரஸ் செபொக்த்ங்கற சிரியாக் கிறிஸ்தவ ஆயர், இந்தியர்கள் ஒன்பது குறியை வெச்சே கணக்குப் போடறதைப் பாராட்டி எழுதறார். அந்தக் கணக்கு அதுக்குள்ள அவ்வளவு தூரம் போயிடுச்சு.

கல்லுல? கம்போடியாவுல சம்போர்ங்கற இடத்துல கிடைச்ச ஒரு கல்வெட்டுல சக ஆண்டு 605-னு இருக்கு. நம்ம கணக்குல 683. அந்த 605-ல ஆறுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் பூஜ்யம். பாருங்க, நம்ம நூத்தி அஞ்சு மாதிரியே நடுவுல காலியா இருக்கற எண். குவாலியர்ல சதுர்புஜர் கோயில்னு சின்னதா ஒரு கோயில் இருக்கு. அங்க 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டுல 270 முழம் நீளத் தோட்டத்தைப் பத்தியும், தினமும் கொடுக்க வேண்டிய 50 மாலை பத்தியும் இருக்கு. ரெண்டு எண்லயும் கடைசியில குட்டி வட்டமா பூஜ்யம். பாபிலோன்காரங்க கடைசியில போடாம விட்டாங்களே, அதே இடத்துல இங்க பூஜ்யம் உக்காந்திருக்கு.

இதுல பெருமைப்பட நிறைய இருக்கு, நானும் படறேன். ஆனா "நாமதான் கண்டுபிடிச்சோம், உனக்கு வரலையா?"ன்னு குழந்தைகிட்ட கேட்டா அந்தப் பெருமைக்கு அர்த்தமே இல்ல. அதே காலத்துல, அதே நாட்டுல, தமிழ்க் கல்வெட்டுகள் ௱, ௰ குறிகளோட சௌகரியமா ஓடிட்டு இருந்துச்சு. புது முறை வந்த உடனே எல்லாரும் ஓடி வந்து ஏத்துக்கல.

ஃப்ளோரன்ஸ் போட்ட தடை

அந்த வகையில ஐரோப்பா இன்னும் சுவாரஸ்யம். 825-ஐ ஒட்டி பாக்தாத்ல அல்-குவாரிஸ்மி இந்தியக் கணக்கு முறையைப் பத்தி அரபியில ஒரு புத்தகம் எழுதறார். அது லத்தீனுக்குப் போனப்ப அவர் பேர் திரிஞ்சுதான் நம்ம தினமும் சொல்ற "அல்காரிதம்" வந்துச்சு. 1202-ல பீசா நகரத்து ஃபிபொனாச்சி தன்னோட புத்தகத்துல இந்த எண்களை வியாபாரிகளுக்குப் புரியற மாதிரி விளக்கறார்.

அடுத்து என்ன நடந்திருக்கும்னு நினைக்கறீங்க? 97 வருஷம் கழிச்சு, 1299-ல, ஃப்ளோரன்ஸ் நகரத்துல பணம் மாத்தறவங்களோட சங்கம் ஒரு விதி போட்டுச்சு. கணக்குப் புத்தகத்துல இந்தப் புது எண்களை எழுதக்கூடாது, தொகையை எழுத்தால எழுதணும். பூஜ்யத்தை 6 ஆகவோ 9 ஆகவோ திருத்தறது சுலபம், கடைசியில ஒரு பூஜ்யம் சேர்த்தா தொகை பத்து மடங்காயிடும். அதனால வந்த பயம்னுதான் பொதுவா விளக்கம் சொல்றாங்க.

இதைக் கேட்டுச் சிரிக்கறதுக்கு முன்னாடி உங்க செக் புக்கை எடுத்துப் பாருங்க. எண்ணாலயும் எழுதறோம், எழுத்தாலயும் எழுதறோம். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தோட 18-ஆவது பிரிவு, ரெண்டும் வேறயா இருந்தா எழுத்தால எழுதினதுதான் தொகைன்னு சொல்லுது. இன்னைக்கும் சட்டம் 1005-ங்கறதை விட "நூற்றைந்து"ங்கறதைத்தான் அதிகம் நம்புது.

தமிழ் காதுக்குக் கொடுக்கற துப்பு

சரி, வீட்டுக்கு வருவோம். குழந்தைக்கு இதை எப்படிப் புரிய வைக்கறது? முதல்ல நம்ம மொழியிலயே ஒரு துப்பு ஒளிஞ்சிருக்கு.

நூறு ரூபாயைச் சொல்லுங்க: "நூறு". நூத்தி அஞ்சைச் சொல்லுங்க. "நூறு அஞ்சு"ன்னு யாரும் சொல்றதில்ல. "நூத்தி" அஞ்சு. எழுத்துத் தமிழ்ல "நூற்று". அதே மாதிரி இருபது, ஆனா இருபத்தி மூணு. ஆயிரம், ஆனா ஆயிரத்தி எட்டு. லட்சம், ஆனா லட்சத்தி அஞ்சு. பின்னாடி ஒண்ணும் வரலைன்னா சொல் தன்னோட முழு உருவத்துல நிக்கும். பின்னாடி ஏதாவது வர்றதா இருந்தா கடைசி மாறிடும். "இரு, இன்னும் முடியல, ஆள் வருது"ன்னு மொழியே சொல்லுது.

இதை ஒரு விளையாட்டா ஆக்கலாம். நீங்க "எரநூறு"ன்னா குழந்தை கையைத் தட்டணும். "எரநூத்தி"ன்னு நிறுத்தினா கையை விரிச்சு வெச்சுக் காத்திருக்கணும். ரெண்டு நாள் விளையாடினாலே "நூத்தி"ன்னு கேட்டதும் ரெண்டு பூஜ்யத்தை அவசரமா எழுதற கை கொஞ்சம் நிதானிக்கும்.

தமிழ்ல இன்னொரு வசதி, பதிமூணுன்னா பத்து முதல்ல, மூணு அப்புறம். எழுதற வரிசையும் அதேதான். இங்கிலீஷ்ல தர்ட்டீன்னா மூணு முதல்ல காதுல விழுது. அதனாலதான் சில குழந்தைங்க தர்ட்டீனை 31-னு எழுதும். இங்கிலீஷ் மீடியத்துல படிக்கற குழந்தைக்குக் கூட வீட்டுல தமிழ்ல எண் சொல்லிக் காட்டறது நல்லது.

ஆனா தமிழ்ல ஒரு பள்ளமும் இருக்கு: ஒன்பது. எண்பதுக்கு அப்புறம் வர்றது தொண்ணூறு, அதுல "நூறு" இருக்கு. எண்ணூறுக்கு அப்புறம் தொள்ளாயிரம், அதுல "ஆயிரம்" இருக்கு. ஒன்பதுலயே "பது" இருக்கு. ஒவ்வொண்ணும் அடுத்த படியோட பேரைத் தூக்கிட்டு நிக்குது. 999-ஐச் சத்தமா சொல்லிப் பாருங்க: தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. ஆயிரம், நூறு, பத்துன்னு காதுல விழுது. ஆனா அந்த எண்ல ஆயிரமே கிடையாது. மலையாளத்துலயும் இதே தொண்ணூறு, தொள்ளாயிரம் உண்டு. ஒன்பதுக்குத் தமிழ்ல "தொண்டு"ன்னு ஒரு பழைய பேர் இருந்துச்சு, பரிபாடல்ல எட்டுக்கு அடுத்து அதுதான் வருது. தொண்ணூறு எப்படி அமையுதுன்னு தொல்காப்பியமே விதி சொல்லுது. இலக்கணத்துலயே தனி விதி வேண்டியிருந்த சொல்லுல குழந்தை தடுக்கி விழறது ஆச்சரியம் இல்ல. அதனால ஒன்பது வர்ற எண்களைக் கடைசியா வெச்சுக்கோங்க. முதல் நாளே 990-ஐக் கேக்காதீங்க.

அடையாறுக்கு வந்த தங்க மணிகள்

இடமதிப்பைக் கையில தொட்டுப் பார்க்க வெச்சவங்கள்ல முக்கியமானவர் மரியா மாண்டிசோரி. அவங்களுக்கும் சென்னைக்கும் நிஜமாவே ஒரு தொடர்பு இருக்கு. பிரம்மஞான சபையோட அழைப்புல 1939-ல அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினாங்க. அடுத்த வருஷம் இத்தாலி போர்ல இறங்கினதும் பிரிட்டிஷ் அரசு அவங்களை எதிரி நாட்டவரா நடத்துச்சு, மகன் மரியோவைக் காவல்ல வெச்சு, பிறகு 1940 ஆகஸ்ட்ல விடுவிச்சாங்க. போர் முடியற வரைக்கும் ஊர் திரும்ப முடியாம, கொஞ்ச காலம் கொடைக்கானல்லயும் இருந்தாங்க.

அவங்களோட முறையில தங்க நிற மணிகள் உண்டு. ஒண்ணுன்னா ஒரு மணி. பத்துன்னா பத்து மணி கோத்த ஒரு கம்பி. நூறுன்னா பத்துக் கம்பி சேர்ந்த சதுரம். ஆயிரம்னா பத்துச் சதுரம் அடுக்கின கனசதுரம். குழந்தை ஆயிரத்தைக் கையில தூக்கிப் பார்க்கும், கனமா இருக்கும். அதோட எண் அட்டைகளும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த அட்டைகள்தான். 1005 பிரச்சினைக்கு நேரா மருந்து அதுல இருக்கு.

வீட்டுல செய்யக்கூடிய மூணு வேலை

முதல் வேலை, அட்டை. பீரோவுல கிடக்கற பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்க. 1 முதல் 9 வரைக்கும் 4 செ.மீ. அகல அட்டையில எழுதுங்க. 10, 20 முதல் 90 வரைக்கும் 8 செ.மீ. அட்டை. 100 முதல் 900 வரைக்கும் 12 செ.மீ. ஒவ்வொரு இலக்கத்துக்கும் சரியா 4 செ.மீ. இடம், உயரம் எல்லாத்துக்கும் ஒண்ணு. இப்ப "நூத்தி அஞ்சு"ன்னு சொல்லுங்க. குழந்தை 100 அட்டையையும் 5 அட்டையையும் எடுக்கும். பக்கத்துல பக்கத்துல வெச்சா 1005. அவ எழுதினதும் அதேதான். "சரியா எடுத்துட்ட, இப்ப அஞ்சைத் தூக்கி நூறோட வலது ஓரத்துல மேல வை"ன்னு சொல்லுங்க. கடைசிப் பூஜ்யம் மறைஞ்சு 105 தெரியும். அட்டையைத் தூக்கினா பூஜ்யம் அங்கேயே இருக்கும், தொலைஞ்சு போகல. எங்க அக்கா பொண்ணு அந்த அஞ்சை ஒரு பத்து தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தா. அப்புறம் 300, 40, 2 மூணையும் அவளே அடுக்கினா.

இந்த வேலையில குழந்தையோட பதிலை எங்கயும் அழிக்கலைங்கறதைக் கவனிங்க. அவ யோசிச்சது முழுக்க அப்படியே இருக்கு. ௱௫-ல இருந்து 105-க்கு வர்ற தூரம் ஒரு அட்டையைத் தள்ளி வைக்கற தூரம்தான்.

ரெண்டாவது, மாத்திக்கற விளையாட்டு. ஈர்க்குச்சியை ஒடிச்சு வெச்சுக்கோங்க, கூட ரப்பர் பேண்ட். தாயக்கட்டை உருட்டி விழற எண்ணுக்கு அத்தனை குச்சி எடுக்கணும். பத்து சேர்ந்தா கட்டா கட்டியே ஆகணும், கையில தனிக் குச்சி ஒன்பதுக்கு மேல இருக்கக் கூடாது. பத்துக் கட்டு சேர்ந்தா ஒரு பெரிய கட்டு. யார் முதல்ல பெரிய கட்டு கட்டறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. நிறைய பேர் எடுத்த எடுப்புல ரூபாய் நோட்டை வெச்சு ஆரம்பிப்பாங்க. குச்சி நல்லா பழகின பிறகு நோட்டுக்குப் போங்க. பத்து ரூபாய் நோட்டுக்குள்ள பத்து ஒரு ரூபாய் இருக்கறது கண்ணுக்குத் தெரியாது, கட்டுக்குள்ள பத்து குச்சி இருக்கறது தெரியும்.

மூணாவது, கால்குலேட்டர். இது கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கு. 4567-னு அடிச்சுக் கொடுத்து, "ஒரே ஒரு கழித்தல்ல 5-ஐ மட்டும் காணாம ஆக்கு, மத்த எண் மாறக்கூடாது"ன்னு சொல்லுங்க. முதல்ல 5-ஐக் கழிப்பாங்க, 4562 வரும். "5 இன்னும் அங்கதான் இருக்கு பாரு." கொஞ்ச நேரத்துல 500-ஐக் கழிப்பாங்க. 4067. 5 இருந்த இடத்துல பூஜ்யம் வந்து நிக்கும். ஆள் போயாச்சு, இடம் போகல. அதைக் காட்டறதுக்குத்தான் பூஜ்யம்னு அப்ப சொல்லுங்க. ஏற்கெனவே கண்ணால பார்த்துட்டதால உடனே புரியும்.

லட்சமும் மில்லியனும்

நாலு இலக்கம் உறுதியான பிறகு பெரிய எண்களுக்குப் போறது அவ்வளவு கஷ்டம் இல்ல. கணக்கு ஒண்ணுதான், இடப்பக்கம் ஒரு அறை சேர்க்கறோம், பத்து மடங்கு. குழப்பம் வர்றது கமாவுல. நாம 12,34,567-னு போடறோம், யூடியூப் வீடியோவுல 1,234,567-னு வருது. எண் ஒண்ணுதான். நம்ம மொழிகள்ல ஆயிரம், லட்சம், கோடின்னு பேர் மாறற இடத்துல கமா போடறோம், இங்கிலீஷ்ல தவுசண்ட், மில்லியன்னு பேர் மாறற இடத்துல போடறாங்க. சீன, ஜப்பானிய மொழிகள்ல பத்தாயிரத்துக்கே தனிப் பேர் உண்டு. கமாங்கறது மூச்சு விடற இடம், மதிப்பு அதால மாறாது. 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி. இந்த ரெண்டை மட்டும் மனசுல வெச்சாப் போதும்.

கால்குலேட்டர் விளையாட்டு இங்கயும் வேலை செய்யும். 3,48,215-ல 4-ஐக் காணாம ஆக்கச் சொல்லுங்க. 40,000-ஐக் கழிச்சா 3,08,215. இதைத் தயங்காம செய்யற குழந்தைக்கு இடமதிப்பு புரிஞ்சிருக்கு. அட்டவணையை மனப்பாடமா ஒப்பிக்கத் தெரியுதாங்கறது ரெண்டாம்பட்சம்.

எண்ணோட பருமன் உறைக்கணும்னா நேரத்துல சொல்லுங்க. ஆயிரம் செகண்ட்னா கிட்டத்தட்ட 17 நிமிஷம், ஒரு கார்ட்டூன் எபிசோடு. ஒரு லட்சம் செகண்ட் ஒரு நாளைக்குக் கொஞ்சம் அதிகம், சுமார் 28 மணி நேரம். ஒரு கோடி செகண்ட் ஏறத்தாழ 116 நாள், காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி ஆரம்பிச்சா பொங்கல் லீவு பக்கத்துல வந்துடும். பேப்பர்ல பார்த்தா லட்சத்துக்கும் கோடிக்கும் வித்தியாசம் ரெண்டே ரெண்டு பூஜ்யம். வாழ்ந்து பார்த்தா ஒரு நாளும் ஒரு பரீட்சைக் காலமும்.

திருத்தறதுக்கு முன்னாடி

கணக்கு வராதுங்கற பேர் ஒரு குழந்தைக்கு எப்படி ஒட்டுதுன்னு யோசிச்சா, பெரும்பாலும் இந்த மாதிரி இடங்கள்லதான். மூணாம் வகுப்புல ஒரு சிவப்புக் குறி, வீட்டுல ஒரு பெருமூச்சு. அதுக்கப்புறம் கழித்தல்ல கடன் வாங்கறது, நீள வகுத்தல், தசமம்னு எல்லாமே இந்த இடமதிப்பு மேலதான் நிக்குது. அஸ்திவாரம் ஆடினா மேல எது கட்டினாலும் ஆடும். குழந்தை அதைத் தன்னோட மூளைக் குறைன்னு நினைச்சுக்கும். அந்த எண்ணத்தை அப்புறம் எடுக்கறது ரொம்பக் கஷ்டம்.

பாபிலோன்காரங்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. ஃபிபொனாச்சி புத்தகம் வந்து 97 வருஷம் கழிச்சும் ஃப்ளோரன்ஸ் வியாபாரிங்க இதை நம்பல. தஞ்சாவூர்லயும் காஞ்சிபுரத்துலயும் கணக்கு எழுதினவங்க பூஜ்யம் இல்லாமலே பெரிய நிர்வாகத்தை நடத்தினாங்க. இவங்க யாரும் மக்கு இல்ல. யோசனையே கடினமானது, அவ்வளவுதான்.

அதனால அடுத்த தடவை உங்க வீட்டுலயோ, அக்கா, அண்ணன் வீட்டுலயோ ஒரு குழந்தை 1005-னு எழுதினா, சிவப்புப் பேனாவுக்கு முன்னாடி ஒரு கேள்வி: "எப்படி எழுதினேன்னு சொல்லு கேப்போம்." பதில்ல தொண்ணூறு சதவீதம் சரியா இருக்கும். மிச்சத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையும் கத்திரிக்கோலும் போதும்.

உங்க வீட்டுக் குழந்தைங்க எந்த எண்ல தடுக்குனாங்க, எப்படி வெளிய வந்தாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல முந்திரி, காணி, மாகாணின்னு நம்ம பழைய பின்னங்களைப் பார்க்கலாம்.